எந்தப் பக்கத்திலிருந்து மூன்று

வண்டி நர்ஸம்மாவுடைய கார். சமதரையில் நிற்கும்போது பூனைக்குட்டி மாதிரி உறுமும். மேடு ஏறினால்தான் குளிர் ஜுரம் வந்ததுபோல உதறும். ஞாயிற்றுக்கிழமை பாதி மேட்டில் உதறி நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலையில் நர்ஸம்மாவே அதை மெதுவாக இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து பட்டறையில் விட்டார்.

பட்டறை, அண்ணன் தம்பி இரண்டு பேருடையது. வாடிக்கையாளர்கள் அண்ணனைப் பெரியவர் என்பார்கள், தம்பியைச் சின்னவன் என்பார்கள். பெரியவரின் மனைவியைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. பின்னால் வீடு, முன்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். ஆனால் அண்ணனும் தம்பியும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதே இல்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நாள் சின்னவன் ஒரு போல்ட்டை முறித்துவிட்டான். நாலு வாடிக்கையாளர் முன்னால் பெரியவர், "படிச்ச கையில்லையா, இரும்பைத் தொட்டா கூசத்தான் செய்யும்" என்றார். சின்னவன் கையிலிருந்த துணியை வீசிவிட்டு, "உங்க காலத்து வண்டியெல்லாம் எடைக்குப் போயாச்சு. நீங்க மட்டும் ஏன் இன்னும் இங்க நிக்கறீங்க?" என்றான். சொன்ன உடனே இருவருக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அன்றிலிருந்து சின்னவனின் பெஞ்சுக்கும் பெரியவரின் மேஜைக்கும் நடுவில் இருந்த பத்தடி தூரத்தை அண்ணி நடந்தாள். ஸ்கேனர் பெட்டியை வண்டியில் செருகிக் கோளாறு எது என்று பார்ப்பது சின்னவன் வேலை. கழற்றி மாட்டுவது பெரியவர் வேலை. நடுவில் செய்தி கொண்டுபோவது அண்ணியின் வேலை. சமையல், பார்ட்ஸ் அலமாரி, போன் இவற்றோடு இதுவும்.

"மூணாவது சிலிண்டர் தீப்பிடிக்கலையாம்" என்றாள் திங்கட்கிழமை.

பெரியவர் தலையாட்டினார். மூன்றாவதுக்குத் தீப்பொறி தரும் காயிலைக் கழற்றிப் புதிது போட்டார். பிளக்கையும் மாற்றினார். கொட்டகையில் வண்டி பூனைக்குட்டியாக உறுமியது. மேட்டுக்கு ஓட்டிப்போனார். அரை மைலில் உதறியது. திரும்பி வந்தார். சின்னவன் பெட்டியைச் செருகினான்.

"மூணாவதுதானாம்."

"அது மூணாவதைத்தான் சொல்லும். கிளிப்பிள்ளை."

"என்ன சொல்றார்?" என்றான் சின்னவன்.

"இன்னொரு தடவை நல்லாப் பாக்கச் சொல்றார்" என்றாள் அண்ணி.

சாயங்காலம் நர்ஸம்மா குடையோடு வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் கம்பி வைத்த உடம்பு, அதனால் பைக்கில் பின்னால் உட்கார முடியாது. படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். ஊருக்குள் இருக்கிற ஐந்து பேரை நடந்தே பார்த்துவிட்டு வந்திருந்தார். செருப்பு சேறாக இருந்தது.

"ஆறாவது ஆள்தான் கவலை" என்றார், அண்ணி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு. "மேட்டு மேல லாரிக்காரர் இருக்கார்ல, சர்க்கரை வியாதிக்காரர். இடது கால்ல புண்ணு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்தணும். சனிக்கிழமை மாத்தினது. இன்னைக்குப் போயிருக்கணும்."

"டாக்ஸி?"

"மழையில அந்த ரோட்டுக்கு வரமாட்டானாம். பஸ் அடிவாரத்தோட சரி. அங்கிருந்து இந்த இடுப்போட நான் ஏறினா, அப்புறம் என்னைப் பாக்க ஒரு நர்ஸ் வேணும்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இப்பதான் காய ஆரம்பிச்சுது. விட்டா கால் போயிடும். இடது கால் போனா கிளச்சை எதால மிதிக்கறது? திரும்ப லாரி ஓட்டணும்னு அந்த மனுஷன் நாளை எண்ணிக்கிட்டு இருக்கார்."

"நாளைக்குக் குடுத்துடறோம்" என்றார் பெரியவர்.

அவர் எதையும் சும்மா சொல்கிறவர் இல்லை. செவ்வாய்க்கிழமை விடியும்போதே இறங்கிவிட்டார். மூன்றாவது காயிலுக்குப் போகும் ஒயரைக் கடைசிவரை தடவிப் பார்த்தார். அறுந்த இடம் இல்லை. ஓரமாகக் கிடந்த இன்னொரு வண்டியிலிருந்து இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து போட்டார். மழைச்சாரல் கொட்டகைக்குள் வந்து முதுகை நனைத்தது. அவசரத்தில் சூடு ஆறாத சைலன்சர் குழாயில் முழங்கையை வைத்துவிட்டார். தோல் வழன்றது. ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், பிறகு கடவுளிடம் மன்னிப்புக் கேட்டார், பிறகு மறுபடியும் அதே வார்த்தையைச் சொன்னார்.

மேட்டுக்குப் போனார். உதறியது.

"மூணாவது" என்றாள் அண்ணி. அவள் குரலே இறங்கிவிட்டது.

"பொட்டி பொய் சொல்லுதுன்னு சொல்லு அவன்கிட்ட. முப்பது வருஷத்துல ஒரு சிலிண்டருக்கு இத்தனை பண்ணினதில்லை. அந்த மூணாவது இப்ப எனக்குப் பொண்டாட்டி மாதிரி. அதோட ஒவ்வொரு இணுக்கும் தெரியும்."

"பொண்டாட்டியைத் தெரிஞ்ச லட்சணம்தான்" என்று முணுமுணுத்துவிட்டு அண்ணி நடந்தாள். "வேற ஏதாவது இருக்குமான்னு கேக்கறார்."

"பொட்டி பொய் சொல்லுதுன்னு கத்தினார். கேட்டுச்சு."

"கேட்டா அப்புறம் என்னை ஏன் கேக்கற?"

மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்த சின்னவன், அண்ணன் குனிந்திருந்த வண்டியைத் தாண்டிப் போனான். அப்போதுதான் பார்த்தான். நாலு சிலிண்டர் வரிசையாக. ஒரு கோடியில் பெல்ட், மறு கோடியில் கியர்பாக்ஸ். அண்ணனின் கை, பெல்ட் பக்கத்திலிருந்து மூன்றாவது குழிக்குள் இருந்தது.

அவர்கள் பட்டறைக்கு வரும் வண்டிகள் எல்லாவற்றிலும் பெல்ட் பக்கத்துச் சிலிண்டர்தான் முதலாவது. ஆனால் நர்ஸம்மாவின் வண்டி வேறு கம்பெனி, வேறு வழக்கம். அதில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். சின்னவன் படித்த இடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படி எண்ணினால் மூன்றாவது என்பது அண்ணன் கை வைத்திருந்ததற்கு அடுத்தது.

சின்னவன் நின்றான். வாயைத் திறந்தான். திங்கட்கிழமையே சொல்லி அனுப்பினோமே என்று நினைத்தான். சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் முப்பது வருஷம் முப்பது வருஷம் என்றால் என்ன செய்வது? கேட்டால் சொல்லலாம். கேட்கட்டுமே. திறந்த வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினான்.

வாயை மூடிக்கொள்வது ஒரு காரியமாகவே யாருக்கும் படுவதில்லை. ஸ்பானரைத் தூக்கி எறிந்தால் சத்தம் கேட்கும், தெருவே திரும்பிப் பார்க்கும். இதற்குச் சத்தமில்லை. கடவுள் ஒருவர்தான் கேட்டிருப்பார்.

அன்று சாயங்காலமும் நர்ஸம்மா வந்தார். வண்டி முடியவில்லை என்று அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நர்ஸம்மா குடையை மடக்கினார். பெரியவரின் முழங்கையைப் பார்த்தார்.

"இதென்ன?"

"ஒண்ணுமில்லை. குழாய் சுட்டுடுச்சு."

"கிரீஸைத் தடவியிருக்கீங்க."

"கையில இருந்தது அதுதான்."

"உக்காருங்க" என்றார். நாள் முழுக்க நடந்த கால்களோடு ஸ்டூலில் உட்கார்ந்து, பையைத் திறந்து, கிரீஸைத் துளித் துளியாகத் துடைத்தெடுத்து, மருந்து போட்டு, வெள்ளைத் துணி சுற்றினார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவருக்குச் சுட்டபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. சின்னவன் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வெள்ளைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மாடியில் தன் அறைக்குப் போய்விட்டான். சாப்பிட வரச்சொல்லி அண்ணி இரண்டு முறை கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றான்.

புதன்கிழமை காலை பெரியவர் மறுபடி எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு மேட்டுக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து நடந்து வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நின்னுடுச்சா?" என்றாள் அண்ணி.

"திருப்பத்துல. நானும் பால்காரரும் சேர்ந்து தள்ளித் திருப்பி, இறக்கத்துல உருட்டிட்டு வந்தோம். தெருமுனையில நிக்குது."

தெருமுனையிலிருந்து மூன்று பேரும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணனும் தம்பியும் பின்னால் தோளோடு தோள் கொடுத்துத் தள்ளினார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். வண்டி கொட்டகைக்குள் நின்றதும் பெரியவர் கையிலிருந்த ஸ்பானரைத் தகரச் சுவரில் வீசினார். ஈரச் சட்டையை மாற்ற வீட்டுக்குள் போய்விட்டார்.

அண்ணி போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்த்து நின்றாள். பார்ட்ஸ் பெயர்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் இதற்குமுன் எஞ்சினை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததில்லை. அலமாரியிலிருந்து சாக்பீஸ் எடுத்தாள். புருஷன் மூன்று நாளாகக் கை விட்டுக்கொண்டிருந்த இடத்தில் மூடியின் மேல் மூன்று என்று எழுதினாள்.

"இங்க வா" என்றாள் சின்னவனை. "இந்த மூணாவதுல இனி மாத்த என்ன பாக்கி இருக்கு? நானே மாத்தறேன். உங்க ரெண்டு பேருக்கும் கும்பிடு."

சின்னவன் வந்தான். சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தான்.

"அது மூணு இல்லை அண்ணி."

"என்ன?"

"அது ரெண்டு. இதுதான் மூணு." பக்கத்துக் குழியைக் காட்டினான். "இந்தக் கம்பெனி வண்டிக்கு கியர்பாக்ஸ் பக்கத்துல இருந்து எண்ணணும்."

அண்ணிக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "அப்ப மூணு நாளா அவர்..."

"நல்லா இருக்கிற சிலிண்டரைத்தான் வைத்தியம் பாத்துக்கிட்டிருந்தார். நான்தான் திங்கட்கிழமையே சொல்லி அனுப்பினேனே. என்ன சொன்னேன்? 'மூணாவது. கியர்பாக்ஸ் பக்கத்துல இருந்து எண்ணணும், அதுவாவது தெரியுமான்னு உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க'ன்னு சொன்னேன்ல?"

அண்ணி சாக்பீஸை இறுக்கிப் பிடித்தாள். சொன்னான். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த 'அதுவாவது தெரியுமா'வை அண்ணன் காதில் போட்டால் அன்றைக்கு அடுப்பில் இருந்ததை யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அதனால் 'மூணாவது' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பத்தடிக்குள் முழுங்கிவிட்டாள். எட்டு மாதமாக அப்படித்தான் இவர்கள் பேச்சிலிருந்து முள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்த முறை முள்ளோடு சதையும் போய்விட்டது.

"நான் சொல்லலை" என்றாள். "மூணுன்னு மட்டும்தான் சொன்னேன். உன் குத்தலை விட்டுட்டேன். அதோட சேர்ந்து இதுவும் போயிடுச்சு."

சின்னவன் முகம் மாறியது. "அப்ப அவருக்குத் தெரியவே தெரியாதா? வேணும்னு பண்ணலையா?"

"வேணும்னு யாராவது கையைச் சுட்டுக்குவாங்களா?" என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அவர் தப்பான இடத்துல கை வச்சிருக்கார்னு உனக்கு எப்பத் தெரியும்?"

கூரையில் மழை கொட்டியது. சின்னவன் ஸ்பானரைத் தேடுவதுபோலக் குனிந்தான்.

"இப்பதானே பாத்த?"

"நேத்து மத்தியானம்."

அண்ணி அவனை அடித்திருக்கலாம். அவனும் அதைத்தான் எதிர்பார்த்தான். அவள் தன் முந்தானையால் சாக்பீஸ் எழுத்தை அழித்தாள். "ஒரு மனுஷனோட கால்டா" என்றாள், அவ்வளவுதான்.

அவன் வேலையை ஆரம்பித்தான். வேலை என்று ஒன்றும் இல்லை. அண்ணன் திங்கட்கிழமை போட்ட புதுக் காயில் மூன்று நாளாகப் பக்கத்து வீட்டில்தான் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றி நிஜமான மூன்றாவதில் செருகினான். அங்கிருந்த பழைய காயிலின் அடியில் மெல்லிய வெடிப்பு ஒன்று ஓடியது. ரெண்டாவதுக்கு அதன் பழைய காயிலையே மாட்டினான். மொத்தம் பத்து நிமிஷம்.

"அவர்கிட்ட நீங்க..." என்று ஆரம்பித்தான்.

"மாட்டேன்" என்றாள் அண்ணி. "இனிமே ஒரு வார்த்தை கொண்டுபோக மாட்டேன். உன் வாயால சொல்லு."

"நர்ஸம்மாவைக் கூட்டிட்டு மேல போயிட்டு வந்து சொல்றேன்."

வண்டிச் சத்தம் கேட்டுப் பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். வண்டி தெருவைத் தாண்டிவிட்டது.

"ஓடுதா?"

"ஓடுது."

"என்ன பண்ணினான்?"

"வந்து அவனே சொல்வான்."

"ஏன், உனக்கு வாய் இல்லையா?"

"தேஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போனாள்.

மேட்டில் வண்டி ஒரு உதறலும் இல்லாமல் ஏறியது. பின்சீட்டில் மருந்துப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸம்மா, "அண்ணனும் தம்பியும் சேர்ந்து சாதிச்சுட்டீங்க. கடவுள் உங்களை நல்லா வைக்கணும்" என்றார். சின்னவன் கியரை மாற்றினான். அந்த வாழ்த்தை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

லாரிக்காரர் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். அவர் மனைவி கட்டுத் துணியை வெந்நீரில் அலசி அலசித் தானே மாற்றிப் பார்த்திருந்தாள். அறையில் லேசாக நாற்றம் வந்தது.

"வாங்க நர்ஸம்மா! நீங்க வேற ஆளைப் பாத்துக்கிட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றார். "யார் இது? மெக்கானிக்கா? பெட்டியைத் தூக்கற அளவுக்குத் தொழில் டல்லா?"

நர்ஸம்மா கட்டைப் பிரித்தார். சின்னவனை விளக்கைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார். பெருவிரல் கறுத்திருந்தது. நர்ஸம்மாவின் உதடுகள் ஒரு கணம் அசைந்தன. ஜெபமாக இருக்கலாம்.

"விரலா?" என்றார் லாரிக்காரர், அவர் முகத்தைப் பார்த்து.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். விரலோட போனா கடவுளுக்கு நன்றி சொல்லலாம். பாதம் நல்லாத்தான் இருக்கு."

லாரிக்காரர் கூரையைப் பார்த்தார். "கிளச்சுக்குப் பெருவிரல் எதுக்கு" என்றார். குரல் பாதிதான் வந்தது. பிறகு, பேச்சை மாற்றுவதற்காகத்தான் இருக்க வேண்டும், சின்னவனைக் கேட்டார்: "வண்டிக்கு என்னப்பா கோளாறு, மூணு நாளா?"

"மூணாவது சிலிண்டர் காயில்."

"காயிலுக்கா மூணு நாள்? அது..." கையை உயர்த்தினார். "இரு. அந்தக் கம்பெனி வண்டிதானே? பெல்ட் பக்கத்துல இருந்து எண்ணியிருப்பீங்க. நானும் ஒரு தடவை நடுரோட்டுல அப்படித்தான் மாட்டிக்கிட்டேன். ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே! யாருக்கும் தெரியலையா?"

விளக்கு சின்னவன் கையில் ஆடியது.

"எனக்குத் தெரியும்" என்றான். "அண்ணன் தப்பான சிலிண்டரைக் கழட்டறதை நேத்தே பாத்தேன். எங்களுக்குள்ள பேச்சு இல்லை. சொல்லலை. நேத்துச் சொல்லியிருந்தா நேத்தே வந்திருப்போம்."

நர்ஸம்மாவின் கை நின்றது. லாரிக்காரரின் மனைவி வாசலில் நின்றபடி அவனைப் பார்த்தாள். லாரிக்காரரின் முகம் சிவந்து, பிறகு மெல்ல ஆறியது.

"விளக்கை நேராப் பிடி" என்றார் கடைசியில். "அந்தம்மாவுக்குத் தெரியணும்ல."

அவன் நேராகப் பிடித்தான். கட்டு முடிகிறவரை அப்படியே பிடித்திருந்தான். புறப்படும்போது லாரிக்காரர், "நாளைக்கு இதே வண்டியை எடுத்துட்டு வா. உங்கண்ணன்கிட்டயும் சொல்லு, என்ன நடந்துச்சுன்னு" என்றார். அவர் மனைவி நனைந்திருந்த அவன் தலையைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு துண்டைக் கொண்டுவந்து அவன் தோளில் போட்டாள்.

சின்னவன் திரும்பி வந்தபோது வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பெரியவர் கொட்டகையில், பழைய காயிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெடிப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று தெரிந்தது. சின்னவன் நேராகப் போய் முன்னால் நின்றான்.

"அண்ணே, அந்த வண்டிக்கு கியர்பாக்ஸ் பக்கத்துல இருந்து எண்ணணும். நீங்க வேற இடத்துல கை வச்சிருந்ததை நேத்து மத்தியானமே பாத்தேன். பேசாம போயிட்டேன். அவர் பெருவிரல் போகப்போகுது."

பெரியவர் காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"நேத்து எனக்கே சந்தேகம் வந்துச்சு" என்றார். "இது வேற கம்பெனியாச்சே, அவனைக் கேக்கலாம்னு எழுந்தேன். ரெண்டடி வச்சேன்." காயிலை மேஜைமேல் வைத்தார். "திரும்பி வந்து உக்காந்துட்டேன்."

சின்னவன் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நாளைக்கு அவரை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போறது?" என்றார் பெரியவர்.

"நான்தான். நர்ஸம்மா வண்டியில."

"குழியெல்லாம் மழையில பெருசாயிருக்கும். கால் ஆடினா வலிக்கும் அவருக்கு. நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்து காலை மடியில வச்சுப் பிடிச்சுக்கறேன்."

"சரிண்ணே. பாலத்து வழியாப் போயிடலாம்."

"பாலத்து வழியா? அறிவிருக்கா உனக்கு? அந்தப் பக்கம் ரோடா அது? குளத்தங்கரையைச் சுத்திப் போ."

"குளத்தங்கரையில முழங்கால் தண்ணி நிக்குது. நீங்க எப்பப் பாத்தீங்க, போன வருஷமா?"

"எனக்கு ரோடு சொல்லித் தர்றியா?"

அண்ணி ஈரக் கையோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். வழக்கப்படி நடுவில் போகக் காலெடுத்தவள், நின்றாள். இரண்டு பேரும் முகத்துக்கு முகம் கத்திக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தாமல் உள்ளே போய், மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள்.